85-ஆ, 135-ஆ? முதலில் ஒரு டேப் எடுங்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கையில் பழைய கேனான் 6டி கேமராவும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன. கல்யாணம், ஊர்ப் பண்டிகை, தேயிலைத் தோட்டத்து மனிதர்கள் என்று முகப்படங்கள்தான் அதிகம். மற்ற நேரத்தில் கண்ணில் படுவதை எல்லாம் எடுப்பேன். யாராவது பயன்படுத்திய லென்ஸாகப் பார்த்து ஒரே ஒரு டெலி பிரைம் (ஜூம் இல்லாத, தொலைவை நெருக்கிக் காட்டும் லென்ஸ்) வாங்கலாம் என்றிருக்கிறேன். 85 எஃப் 1.8, 100 எஃப் 2, 135 எஃப் 2, 200 எஃப் 2.8 ஆகிய நான்கில் எதை வாங்குவது அண்ணா?"

தம்பி, நான்கையும் வெவ்வேறு காலத்தில் வைத்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். லென்ஸ் விலைப்பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். ஒரு தையல் டேப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் வழக்கமாகப் படமெடுக்கும் மூன்று இடங்களுக்குப் போங்கள். கல்யாண வீட்டின் உள்கூடம், ஹட்டியில் (படகர் ஊரில்) வீட்டு வரிசைக்கு முன்னால் இருக்கும் வாசல், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆள் நடக்கும் தடம். படத்தில் இருக்க வேண்டியவர் நிற்கும் இடத்திலிருந்து நீங்கள் எத்தனை அடி பின்வாங்க முடிகிறது, அவருக்குப் பின்னால் எத்தனை அடி காலியாகக் கிடக்கிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சமவெளிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. இன்னும் பத்தடி வேண்டுமென்றால் நடந்து போய்விடுவார்கள். நமக்குப் பத்தடி பின்னால் ஒன்று தடுப்புச் சுவர் இருக்கும், இல்லாவிட்டால் பள்ளம் இருக்கும்.

உங்கள் 6டி ஃபுல் பிரேம் கேமரா, அதாவது சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு. அதைச் செங்குத்தாகப் பிடித்து, தலையிலிருந்து மார்பு வரை அடக்கினால் சட்டத்துக்குள் ஏறத்தாழ 60 செ.மீ. உயரம் வரும். அதற்கு 85-இல் ஐந்தடியும் சொச்சமும் தள்ளி நிற்க வேண்டும். 100-இல் ஆறடி, 135-இல் எட்டடி, 200-இல் பன்னிரண்டடி. இதெல்லாம் எந்த வாசலிலும் கிடைத்துவிடும். தலை முதல் கால் வரை ஆளை நிறுத்தும்போதுதான் மலை தன் குணத்தைக் காட்டும். 85-க்கு 16 அடி, 100-க்கு 19 அடி, 135-க்கு 26 அடி, 200-க்கு 38 அடி வேண்டும். 38 அடி பின்வாங்கும் இடம் உங்கள் டேப்பில் எத்தனை முறை வந்தது என்று பாருங்கள். நான் ஒருமுறை குன்னூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளையை 200-இல் முழுதாக அடக்கப் பின்னால் நடந்து நடந்து, முழங்கால் வரை தேயிலைச் செடிக்குள் இறங்கிவிட்டேன். கவாத்து செய்த செடியின் குச்சி கணுக்காலில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

முகத்தின் அமைப்பு லென்ஸின் மில்லிமீட்டரால் மாறுகிறது என்று பலர் சொல்வார்கள். மாற்றுவது தூரம்தான். உங்கள் 50-ஐ வைத்து அதே மார்பளவுப் படம் எடுக்க மூன்றடிக்குள் போகிறீர்கள். காதைவிட மூக்கு உங்களுக்கு மிக அருகில் வந்துவிடுவதால் மூக்கு பெரிதாகவும் காது ஒடுங்கியும் தெரிகிறது. ஐந்தடிக்கு அப்பால் போய்விட்டாலே இந்தக் கோளாறு பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஐந்தடிக்கும் எட்டடிக்கும் உள்ள வேறுபாடு தேடிப் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். பன்னிரண்டு அடியில் முகம் சற்றே தட்டையாகும். ஒல்லியான முகத்துக்கு அது அழகு. அகன்ற முகத்தை இன்னும் அகலமாக்கிவிடும்.

இனி எல்லோரும் காசு கொடுப்பது எதற்கோ அதற்கு வருகிறேன், பின்புல மங்கல். இதற்கு எஃப் எண்ணை (எண் சிறிதானால் துளை அகலமாகத் திறக்கும்) மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். குவியத் தூரத்தை, அதாவது லென்ஸ் பெயரில் முதலில் வரும் மில்லிமீட்டர் எண்ணை, எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் துளையின் விட்டம் கிடைக்கும். 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47 மி.மீ., 100-ஐ 2-ஆல் வகுத்தால் 50, 135-ஐ 2-ஆல் வகுத்தால் 67, 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71. இந்த எண் வெறும் கணக்கு இல்லை. வெகுதூரத்தில் இருக்கும் ஒரு விளக்கிலிருந்து வரும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே வருகின்றன. துளைக்குள் நுழையும் அந்தக் கற்றை, உங்கள் ஆள் நிற்கும் இடத்தைக் கடக்கும்போதும் துளையின் அதே விட்டம்தான் இருக்கும். ஆகவே 135-இல் எடுத்த படத்தில் அந்த விளக்கு, ஆளின் முகத்தருகே பிடித்த 67 மி.மீ. வட்டத்தட்டு போலத் தெரியும். மனித முகத்தின் அகலம் சுமார் 14, 15 செ.மீ. என்று வைத்தால், 135-இல் ஒவ்வொரு விளக்கும் கிட்டத்தட்ட அரை முகம் அகலத்துக்கு மலர்கிறது. 85-இல் மூன்றில் ஒரு பங்கு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் அந்தி சாய்ந்ததும் சமவெளி விளக்குகளைப் பின்னால் வைத்து இரண்டிலும் எடுத்துப் பாருங்கள், கணக்கு அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் இது பின்புலம் பள்ளத்தாக்காக இருக்கும்போது மட்டும். பின்னால் ஆறரை அடியில் ஒரு சுவர் இருக்கிறது, நீங்கள் மார்பளவுப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கைப் போட்டால் சுவரிலுள்ள ஒரு புள்ளி 85-இல் 26 மி.மீ. வட்டமாக மங்குகிறது, 100-இலும் 26, 135-இல் 30, 200-இல் 25. ஆம், நான்கிலும் மிகப்பெரிய துளை கொண்ட 200-தான் கடைசியில் நிற்கிறது. காரணம் எளிது. 200-ஐ வைத்துக்கொண்டு நீங்கள் பன்னிரண்டு அடி தள்ளி நிற்பதால், அங்கிருந்து பார்க்கையில் ஆளும் சுவரும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பவையாகிவிடுகின்றன. வீட்டுக்குள்ளும் வாசலிலும் எடுப்பவருக்கு நீளமான லென்ஸ் வாங்கித் தருவது பெருமை மட்டுமே.

நீளத்துக்கு வேறொரு பயன் இருக்கிறது. மூலைக்கு மூலை அளந்தால் 85-இன் பார்வைக்கோணம் 28 டிகிரி, 135-க்கு 18, 200-க்கு 12. ஆளை அதே அளவில் வைத்துக்கொண்டு 85-இலிருந்து 200-க்கு மாறினால், பின்னால் உள்ள மலை அவரோடு ஒப்பிட இரண்டேகால் மடங்குக்கு மேல் பெரிதாகிறது. பின்புலத்தில் வரும் அகலமும் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. தகரக் கூரையும் மின்கம்பமும் விளம்பரப் பலகையும் நெருக்கியடிக்கும் நம் ஊர்ச் சரிவுகளில், ஒரு துண்டுப் பச்சையை மட்டும் பொறுக்கி எடுக்க 135 தரும் வசதியை 85 தராது. மங்கலைவிட இந்தப் பொறுக்கும் குணத்துக்காகத்தான் 135-ஐ நான் விரும்புகிறேன்.

மேகம் இறங்கிவிட்டால் இத்தனை கணக்கும் தலைகீழ். பின்புலத்தை இயற்கையே அழித்துவிடுகிறது, எஃப் 1.4-க்குக் கொட்டிக் கொடுத்த பணம் அந்த அரைமணி நேரம் பையில் தூங்கும். அதோடு, ஆளுக்கும் உங்களுக்கும் நடுவிலும் மேகம் இருக்கிறது. 38 அடித் தூரத்தில் நிற்பவரின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருக்கும். 16 அடியில் கண்ணின் கருமை கருமையாகவே வரும். அடர்ந்த மூட்டத்தில் நான் 135-ஐக் கழற்றிவிட்டு 85-ஐ மாட்டுவது இதனால்தான். ஃபோகஸும் அப்போது தடுமாறும். முகத்தில் தேடாமல் சட்டைக் காலர், தாலிச் சரடு போன்ற கூர்மையான விளிம்பைப் பிடியுங்கள். வெளிச்ச அளவில் ஒரு படியாவது கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வெண்மேகத்தைச் சாம்பலாக்கிவிடும் கேமரா.

வெளிச்சக் கணக்கும் பாருங்கள். இந்த நான்கு லென்ஸ்களிலும் அதிர்வுத் தடுப்பு கிடையாது, 6டி உடலிலும் கிடையாது. கை நடுக்கம் தெரியாமலிருக்க ஷட்டர் வேகம் குவியத் தூரத்துக்குக் குறையக் கூடாது (100 மி.மீ.க்கு 1/100 நொடி) என்பது பழைய விதி. மாலை வெளிச்சத்தில் 85-ஐ வைத்து 1/125, எஃப் 1.8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 800-இல் எடுக்க முடிகிறது என்றால், அதே இடத்தில் 135-க்கு 1/160, எஃப் 2, ஐஎஸ்ஓ 1250 வேண்டும். 200-க்கோ 1/250, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 4000. நடுப்பகலில் சிக்கல் எதிர்ப்பக்கம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்து எஃப் 2 வரை துளையைத் திறந்தால் 1/6400 தேவைப்படும். உங்கள் 6டியின் உச்சவேகம் 1/4000. ஐஎஸ்ஓவை 50-க்கு இறக்கலாம், அல்லது வெளிச்சம் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டலாம். நான் நிழலுக்குள் அழைத்துவிடுவேன். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் பாட்டிக்கும் அதுதான் நல்லது.

லென்ஸ்களின் குணம் ஒவ்வொன்றாக. 85 எஃப் 1.8 வந்தது 1992-இல், 425 கிராம். வேகமான, ஓசையில்லாத ஃபோகஸ். குறை ஒன்று இருக்கிறது, அது நம் ஊரில்தான் பளிச்சென்று தெரியும். துளையை முழுக்கத் திறந்தால் வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் விளிம்புகளில் ஊதா நிறம் கசியும். படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊரே வெள்ளை உடுத்தி வெயிலில் நிற்கும்போது, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஊதாக் கரை போட்டதுபோல இருக்கும். துளையை எஃப் 2.8-க்குச் சுருக்கினால் பெரும்பாலும் போய்விடும். மிச்சத்தைக் கணினியில் நீக்கலாம்.

100 எஃப் 2 அதற்கு ஓராண்டு மூத்தது, 460 கிராம், உருவத்திலும் இரட்டைப் பிள்ளை. ஊதாக் கசிவு கொஞ்சம் குறைவு. யாரும் பேசாத லென்ஸ். பழையதாகத் தேடினாலும் எளிதில் அகப்படாது.

135 எஃப் 2 வந்தது 1996-இல், 750 கிராம். நிறக்கசிவைக் கட்டுப்படுத்தும் தனிவகைக் கண்ணாடி இரண்டு உள்ளே இருப்பதால் வெள்ளைத் துண்டின் ஓரம் வெள்ளையாகவே நிற்கும். முழுத்துளையிலேயே கண்ணிமை மயிரை எண்ணலாம். மூன்றடி வரை நெருங்கிப் போகலாம் என்பதால் தோடர்களின் புத்துக்குளிப் போர்வையில் உள்ள சிவப்பு, கறுப்பு நூல் வேலைப்பாட்டையும் ஓரளவு அருகில் பிடிக்கலாம். (அவர்கள் குடியிருப்பான மந்துக்குப் போனால் கேட்டுவிட்டு எடுங்கள். தொலைவிலிருந்து டெலி லென்ஸை நீட்டும் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்துப் பார்த்து அவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள்.) கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டரை மாட்டினால் 189 மி.மீ. எஃப் 2.8 ஆகிவிடும். அதாவது நீங்கள் நான்காவதாகக் கேட்ட 200 அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

200 எஃப் 2.8-இன் இரண்டாம் பதிப்பும் 1996-ஐச் சேர்ந்ததுதான், 765 கிராம், அருமையான கண்ணாடி. சோலைக்காட்டு ஓரத்தில் சிரிப்பான் பறவையைத் துரத்துபவருக்கு எக்ஸ்டெண்டரோடு சேர்த்துத் தருவேன். அப்போதும் அது சற்றுக் குட்டைதான். ஐந்தடிக்குக் குறைவாக அதில் நெருங்க முடியாது. கல்யாண வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

ஃபோகஸைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டும். ஊட்டி இந்துநகர் ஆலையில் 1967 முதல் உற்பத்தியான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமில் தொழில் கற்றவன் நான். ஒரு சுருளுக்கு 36 படம். தவறிய ஒவ்வொன்றும் அப்பாவின் காசு. மார்பளவுப் படத்தில் எஃப் 2-ஐச் சுற்றி, எந்த லென்ஸானாலும், தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே நான்கு செ.மீ. 85-ஓ 135-ஓ, ஆள் படத்தில் ஒரே அளவில் இருந்தால் இது ஏறத்தாழ மாறாது. மூக்கு நுனியில் பிடித்தால் கண் போய்விடும். 6டியில் 11 ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்குவகை, அதாவது கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிப்பது. மங்கிய வெளிச்சத்தில் அதை மட்டுமே நம்பலாம். நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஆளை ஓரத்துக்கு நகர்த்துவது எல்லோர் பழக்கமும். கண் சட்ட மையத்திலிருந்து 20 செ.மீ. விலகினால், 85-இன் ஐந்தடித் தூரத்தில் ஃபோகஸ் ஒரு செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடும். 135-இன் எட்டடியில் அது முக்கால் செ.மீ.தான். சின்ன எண்ணாகத் தெரியலாம். உங்கள் கையில் இருப்பதே கண்ணுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கொஞ்சம் தளர்வாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். நாளை கண்ணை அடையாளம் காணும் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் இந்தத் தொல்லை தீரும். கேனானின் அடாப்டரில் இந்த லென்ஸ்கள் எல்லாம் குறையில்லாமல் வேலை செய்கின்றன. உடலிலேயே அதிர்வுத் தடுப்பு உள்ள கேமராவில் பழைய 135-க்கு மறுபிறவிதான்.

இவற்றைவிட வேகமானவை, அதாவது துளை இன்னும் அகலமாகத் திறப்பவை, ஆசை காட்டும். கேனான் 85 எஃப் 1.2-இன் இரண்டாம் பதிப்பு ஒரு கிலோவைத் தாண்டும். ஃபோகஸ் சாவதானமாக நகரும், ஓடி வரும் குழந்தையைப் பிடிக்காது. 2017-இல் வந்த 85 எஃப் 1.4 அதிர்வுத் தடுப்போடு 950 கிராம். பணம் இருந்தால் அதுவே முதல் தேர்வு, பேச்சே இல்லை. சிக்மா 135 எஃப் 1.8 கூர்மையில் யாருக்கும் சளைத்ததில்லை, 1,130 கிராம். அதே நிறுவனத்தின் 105 எஃப் 1.4 ஒன்றே முக்கால் கிலோவை நெருங்குகிறது, முன்கண்ணாடிக்கு 105 மி.மீ. ஃபில்டர் வேண்டும். நிக்கான் 105 எஃப் 1.4-உம் சோனி 135 எஃப் 1.8-உம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே. எல்லாம் ஸ்டூடியோவுக்கு அழகு. ஹட்டிக்கு இறங்கும் படிக்கட்டில் இரண்டு முறை ஏறி இறங்கிய பிறகு கழுத்து சொல்வதைக் கேளுங்கள். சாம்யாங் 135 எஃப் 2 விலை குறைவு, தரமும் நல்லது; ஆனால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நட்சத்திரம் எடுக்க வாங்கலாம். மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில். டேப்பில் பின்வாங்கும் தூரம் பெரும்பாலும் 20 அடிக்குள் வந்திருந்தால் 85-ஐ வாங்குங்கள். கல்யாண வீட்டுக்குள் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான், விலையும் நான்கில் குறைவு. மிச்சப் பணத்தில் லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் ஒன்று வாங்குங்கள்; 85-க்கு அது பெட்டியோடு வராது. வெயிலைவிடத் தூறலைத் தடுக்கவே நமக்கு அது வேண்டும். 25 அடிக்கு மேல் இடமும் பின்னால் திறந்த பள்ளத்தாக்கும் உங்கள் வழக்கமான இடம் என்றால், யோசிக்காமல் 135. வீட்டுக்குள் இருக்கும் வரை 50-ஐ வைத்துச் சமாளிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் விழுகிறீர்கள், இரண்டாவது லென்ஸ் வாங்கும் வாய்ப்பும் கிட்டத்தில் இல்லை என்றால் மட்டும் 100-ஐத் தேடுங்கள். 200-ஐ மறந்துவிடுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தவரை உங்களுக்கு இப்போதைக்கு 85 என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் உங்கள் வாசலை அளந்ததில்லை.

வாங்கப் போகும்போது டார்ச் கொண்டுபோங்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தூசி இருந்தால் கவலை வேண்டாம். சிலந்தி வலை போலவோ வேர் போலவோ கிளைத்திருந்தால் அது பூஞ்சை; எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம், கண்ணாடியின் மேற்பூச்சையே அது அரித்துவிடும். உங்கள் 6டியில் மாட்டி முழுத்துளையில் பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வாங்கிய பிறகு அதைக் காப்பாற்றுவது இன்னொரு பாடு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை துணியே உலர்வதில்லை, லென்ஸ் எப்படி உலரும்? தோல் உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் மெதுவாக வறுத்தால் மறுபடி நீலமாகும். (சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலி, ஞாபகம் இருக்கட்டும்.) உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். குளிர்காலக் காலையில் இங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால், கீழே போய்ப் பையை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெப்பக் காற்று பட்டதும் வியர்த்துவிடும். அரைமணி நேரம் மூடிய பையிலேயே சூடாகட்டும்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. என் முதல் 135-ஐ ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல் உறையோடு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில், பத்திரமாக வைத்திருந்தேன். தை மாதம் எடுத்துப் பார்த்தபோது நடுக்கண்ணாடியில் பாசி படர்ந்ததுபோல ஒரு வெள்ளைக் கிளை. சுத்தம் செய்து கொடுத்தவர் பூஞ்சையை எடுத்துவிட்டார், அரித்த தடத்தை எடுக்க முடியவில்லை. அந்த லென்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. எதிர்வெயிலில் மட்டும் அதை வெளியே எடுப்பதில்லை.